கட்டையில் ஈயம்

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தம்பி அங்குள்ள சூதாட்டக்கூடத்தில் சுழலும் சக்கரத்தில் பந்து விழும் எண்ணுக்குப் பந்தயம் கட்டும் ரூலட் ஆடி எட்டு மாதச் சம்பளத்தை விட்டுவிட்டான். சக்கரத்துக்கு அடியில் காந்தம் வைத்து ஏமாற்றுகிறார்கள் என்கிறான். தோற்கத் தோற்கப் பந்தயத்தை இரட்டிப்பாக்கினால் மீண்டுவிடலாமாம். உண்மையா?

கா., பட்டுக்கோட்டை

அன்புள்ள கா.,

இரட்டிப்பை இன்றே மறக்கச் சொல்லுங்கள். மேசைக்கு மேசை பந்தய உச்சவரம்பு உண்டு. தம்பியின் பை அதற்கு முன்பே காலியாகிவிடும். அந்தக் காந்தம்தான் என்னை எழுத வைத்தது.

ஒற்றைப் பூஜ்யச் சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 குழிகள். ஓர் எண்ணில் ஒரு வெள்ளி, அதாவது ஒரு சிங்கப்பூர் டாலர், வைத்து ஜெயித்தால், வைத்ததையும் சேர்த்து 36 வெள்ளி வரும். 37 எண்ணிலும் வைத்துப் பாருங்கள்: போட்டது 37, வந்தது 36. பந்து எங்கே விழுந்தாலும் அந்த ஒரு வெள்ளி கூடத்துக்கு. பிறகு காந்தம் எதற்கு?

என் தாய்மாமனுக்கும் இதே சந்தேகம். எங்கள் ஊர்த் திருவிழாவில் லங்கர் கட்டை உருட்டுவார்கள். விரிப்பில் கிரீடம், நங்கூரம், சீட்டுக்கட்டின் நான்கு சின்னங்கள் என ஆறு கட்டம், அதே ஆறு சின்னங்களை முகங்களில் கொண்ட மூன்று பகடைக் கட்டை. நம் சின்னம் எத்தனை கட்டையில் விழுகிறதோ, ரூபாய்க்கு அத்தனை ரூபாய்; வைத்த ரூபாயும் திரும்பும். மாமா ஆறு கட்டத்திலும் ஒவ்வொரு ரூபாய் வைப்பார். "எது விழுந்தாலும் அதில் நம் காசு இருக்கிறதே!" மூன்றும் வெவ்வேறாக விழுந்தால் ஆறு ரூபாயும் திரும்பும். ஜோடி விழுந்தால் ஐந்து. மூன்றும் ஒன்றானால் நான்கு. ஏழு என்பது வரவே வராது. விடிய விடிய ஆடியும் அது அவர் கண்ணில் படவில்லை. நூற்றுக்கு ஏறக்குறைய எட்டு ரூபாய் கட்டைக்காரனுக்கு. உங்கள் தம்பியின் சக்கரம் மூன்றுக்கும் குறைவாகத்தான் எடுக்கிறது, பாவம்!

தம்பியைத் திட்டாதீர்கள். திட்டு உங்களுக்கு. எட்டு மாதம் பணம் வராதபோது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? சிங்கப்பூர்க்காரர் அந்த வாசலைத் தாண்ட ஒரு நாளைக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும். வேலைக்குப் போன உங்கள் தம்பிக்கு நுழைவு இலவசம். இதை ஒருமுறை நிதானமாக யோசியுங்கள். தன்னை உள்ளே விடாதே என்று தானே மனுக் கொடுக்கவும் அங்கே வழி இருக்கிறது. கொடுக்கச் சொல்லுங்கள்.

விடியற்காலை பெட்ரோமாக்ஸ் மங்கும்போது மாமா எழுந்து வந்தார். "கட்டையில் ஈயம் வைத்திருக்கிறான், கண்டுபிடித்துவிட்டேன்" என்றார். பிறகு என் முன் கையை நீட்டினார். தங்கைக்கு வளையல் வாங்க அம்மா தந்திருந்த இரண்டு ரூபாய் என் டவுசர் பையில் இருந்தது.

கொடுத்தேன்.