டெர்மினலில் ஓடும் லுவாலேடெக் எடிட்டரில் ஏன் ஓட மாட்டேன் என்கிறது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உபுண்டுவில், லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளின் முழுத் தொகுப்பான டெக் லைவை அதன் தளத்திலிருந்தே இறக்கி நிறுவியிருக்கிறீர்கள். .பேஷ்ஆர்சி கோப்பில் பாத் சேர்த்தாயிற்று. டெர்மினலில், கோப்பைப் பிடிஎஃப் ஆக்கும் லுவாலேடெக் கட்டளை நன்றாக ஓடுகிறது. ஆனால் டெக்ஸ்டுடியோ எடிட்டரை ஐகானில் கிளிக் செய்து திறந்தால், அப்படி ஒரு கட்டளையே இல்லை என்கிறது. கூடவே, எல்லா வேலைக்கும் பொதுவான ஸ்டைல் கோப்புகளை (தாளின் வடிவமைப்பைச் சொல்பவை) ஒரே ஃபோல்டரில் வைத்து அதை எடிட்டருக்கு எப்படிக் காட்டுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் தருமபுரியில் டிடிபி வேலை செய்கிறேன். டியூஷன் சென்டர்களுக்கும் சில பள்ளிகளுக்கும் கணக்கு, இயற்பியல் வினாத்தாள் தயாரிப்பதுதான் பெரும்பகுதி வேலை. அதை லேடெக்கில் செய்ய ஆரம்பித்த முதல் மாதத்திலேயே இந்தப் பிரச்சினையில் மாட்டினேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கட்டளை, வேரியபிள் பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடியுங்கள். வேரியபிள் பெயர் என்றால் எல்லாமே பெரிய எழுத்து.

எடிட்டர் தானாக எதையும் அச்சுக்கோப்பதில்லை. நீங்கள் பட்டனை அழுத்தியதும் லுவாலேடெக் என்ற இன்னொரு புரோகிராமைக் கிளப்பிவிடுகிறது, அவ்வளவுதான். கடைக்கு அனுப்பும் பிள்ளையின் கையில் ஒரு துண்டுச்சீட்டு கொடுத்து அனுப்புவோம் இல்லையா, அதுபோல ஒரு புரோகிராம் இன்னொன்றைக் கிளப்பும்போது தன்னிடம் உள்ள என்விரான்மென்ட் வேரியபிள்கள் எல்லாவற்றையும் நகலெடுத்து அதன் கையில் கொடுக்கிறது. பாத் என்பது அந்தச் சீட்டில் ஒரு வரி. கட்டளைகளை எந்தெந்த ஃபோல்டரில், எந்த வரிசையில் தேட வேண்டும் என்று அது சொல்கிறது. பிள்ளை தெருமுனை தாண்டிய பிறகு வீட்டில் இருக்கும் சீட்டைத் திருத்தி என்ன பயன்? எடிட்டர் திறந்திருக்கும்போதே பாத்தை மாற்றிவிட்டு "மாற்றியும் வேலை செய்யவில்லை" என்று பலர் சொல்வது இதனால்தான்.

உங்கள் விஷயத்தில் நடப்பது இது. .பேஷ்ஆர்சி கோப்பை டெர்மினலுக்குள் உட்கார்ந்து நம் கட்டளைகளை வாங்கி ஓட்டும் பேஷ் என்ற ஷெல் மட்டுமே படிக்கிறது. ஐகானைக் கிளிக் செய்தால் எடிட்டரைக் கிளப்புவது டெஸ்க்டாப். நீங்கள் லாகின் செய்த நேரத்தில் அதற்குக் கிடைத்த சீட்டில் .பேஷ்ஆர்சியில் எழுதிய எதுவும் இல்லை. சந்தேகமிருந்தால் டெக்ஸ்டுடியோவை மூடிவிட்டு, டெர்மினலிலிருந்து அதன் பெயரை அடித்துத் திறந்து பாருங்கள். அப்போது லுவாலேடெக் ஓடினால் கோளாறு இதுவேதான், வேறெங்கும் தேட வேண்டாம்.

ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்குப் பிழைச் செய்தி வந்தது நல்லது. எனக்கு அதுகூட வரவில்லை. என் கணினியில் உபுண்டு 20.04 இருந்தது. அதன் சொந்தக் களஞ்சியத்திலிருந்து முன்பே போட்ட டெக் லைவ் 2019 ஒரு பக்கம், பிறகு நானே நிறுவிய டெக் லைவ் 2023 இன்னொரு பக்கம். டெர்மினல் 2023ஐ எடுத்தது, ஐகானில் திறந்த எடிட்டர் 2019ஐ எடுத்தது. இரண்டுமே ஓடின, இரண்டிலும் பிடிஎஃப் வந்தது. தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோக்க, எழுத்துகளின் வடிவத்தையும் வரிசையையும் அமைக்கும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் வேண்டும். டெக் லைவ் 2020 முதல்தான் லுவாலேடெக் அதை உள்ளடக்கிய லுவாஎச்பிடெக் எஞ்சினில் ஓடுகிறது. பழையதில் எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு, எழுத்துக்குப் பின்னால் போய் நின்றுவிட்டது. "கெழு" என்ற சொல்லில் முதலில் க, அதற்கப்புறம் கொம்பு, அதற்கப்புறம் ழு. "செங்கோணம்" என்பதிலும் அதே கதி.

பத்தாம் வகுப்புத் திருப்புதல் தேர்வு நேரம் அது. காலையில் டெர்மினலில் ஓட்டிச் சரிபார்த்த தாளில் மாலையில் ஒரே ஒரு கணக்கை மட்டும் எடிட்டரில் மாற்றி, பட்டனை அழுத்தி, மாற்றிய கணக்கை மட்டும் பார்த்துவிட்டு 60 பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டேன். இரவு எட்டு மணிக்கு டியூஷன் சார் போன் செய்தார். "தம்பி, இதுல கொம்பு எல்லாம் இடம் மாறி நிக்குதே, பார்த்தியா?" மறுநாள் காலை ஆறரைக்குத் தேர்வு. ராத்திரியே உட்கார்ந்து திரும்ப எடுத்துக் கொடுத்தேன். அவர் காசு பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆனால் கணக்குக்குப் பயந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கையில் படிக்கவே முடியாத கேள்வித்தாள் போயிருக்கும் என்ற நினைப்பு இன்றைக்கும் உறுத்துகிறது.

அன்றிலிருந்து எந்த எடிட்டரானாலும் முதலில், ஓட்டும்போது நடந்ததெல்லாம் பதிவாகும் லாக் கோப்பைத் திறந்து முதல் வரியைப் பார்க்கிறேன். எந்த எஞ்சின், எந்த ஆண்டு டெக் லைவ் என்று அதிலேயே இருக்கும். அதற்குக் கீழே, படிக்கப்பட்ட ஒவ்வொரு கோப்பும் எந்த ஃபோல்டரிலிருந்து வந்தது என்பதும் முழுப் பாதையோடு வரும். எடிட்டர் கொடுத்த சீட்டையே நேரில் பார்க்க வேண்டுமா, அதற்கும் வழி உண்டு. லுவாலேடெக் கோப்புக்குள் \டைரக்ட்லுவா கட்டளை போட்டு, அதனுள் ஓஎஸ்.கெட்என்வ் மூலம் பாத் என்ற வேரியபிளைக் கேட்டு, டெக்ஸியோ.ரைட்_என்எல் மூலம் எழுதச் சொல்லுங்கள். லாகில் முழுப் பாத்தும் வந்து விழும். டெர்மினலில் ஓட்டி ஒரு முறை, எடிட்டரில் ஓட்டி ஒரு முறை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் கண்ணெதிரே தெரியும். ஊகித்துக்கொண்டு அரை நாளை வீணாக்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

சரி, இனி திருத்தம். பாத் வரியை .பேஷ்ஆர்சியிலிருந்து எடுத்து, வீட்டு ஃபோல்டரில் உள்ள .புரொஃபைல் கோப்பின் கடைசியில் போடுங்கள். லாகின் செய்யும்போதே படிக்கப்படுவது அதுதான். .பேஷ்_புரொஃபைல் என்ற கோப்பும் அங்கே இருந்தால் பேஷ் .புரொஃபைலைத் தொடாது, அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். டெக் லைவ் ஃபோல்டரைப் பழைய பாத்துக்கு முன்னால் எழுதுங்கள், பின்னால் வேண்டாம். தேடும்போது முதலில் கிடைப்பதே ஓடும். என்னைப் போல இரண்டு பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு இந்த வரிசை உயிர். பிறகு லாக்அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள். எடிட்டரை மட்டும் மூடித் திறந்தால் போதாது, டெஸ்க்டாப்பிடம் இருப்பது இன்னும் பழைய சீட்டுதான்.

.புரொஃபைலைத் தொட விருப்பமில்லை என்றால் டெக்ஸ்டுடியோ அமைப்புகளில் கமாண்ட்ஸ் பக்கத்துக்குப் போய், லுவாலேடெக் என்ற பெயருக்குப் பதில் அதன் முழுப் பாதையைக் கொடுக்கலாம். அவசரத்துக்கு இது கைகொடுக்கும். ஆனால் பிபர் (நூற்பட்டியலுக்கு), மேக்இண்டெக்ஸ் (சொல்லடைவுக்கு) என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டியிருக்கும், எப்போதாவது ஒன்று விட்டுப்போகும். டெக்ஸ்டுடியோவை ஃபிளாட்பாக்காகப் போட்டிருந்தால் கதையே வேறு. அது தனிக் கூண்டுக்குள் ஓடுகிறது, நீங்கள் நிறுவிய டெக் லைவ் அதன் கண்ணிலேயே படாது. அதை எடுத்துவிட்டுச் சாதாரணப் பொதியைப் போட்டுக்கொள்வது நல்லது.

இப்போது ஸ்டைல் கோப்பு. இதற்கு எல்லோரும் சொல்வது டெக்இன்புட்ஸ் என்ற வேரியபிள். டெக் தன் உள்ளீட்டுக் கோப்புகளைத் தேடும் இடங்கள் அதில் இருக்கும். அதை எழுதும்போது மூன்று சின்னக் குறிகளைக் கவனித்தே ஆக வேண்டும். முதலில் ஒரு புள்ளி, இப்போதிருக்கும் ஃபோல்டர் என்று அர்த்தம். அப்புறம் ஒரு முக்காற்புள்ளி, அதற்கப்புறம் உங்கள் ஃபோல்டரின் பாதை. பாதையின் முடிவில் இரண்டு சாய்கோடு போட்டால் உள்ஃபோல்டர்களையும் தேடும். எல்லாவற்றுக்கும் கடைசியில் இன்னொரு முக்காற்புள்ளி. அந்தக் கடைசி முக்காற்புள்ளியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அதற்குப் பின்னால் எதுவும் இல்லாததால் தேவையற்றது போலத் தெரியும். ஆனால் "வழக்கமாகத் தேடும் இடங்களையும் இங்கே சேர்த்துக்கொள்" என்று டெக்குக்குச் சொல்வதே அதுதான். அதை விட்டால் உங்கள் ஸ்டைல் கோப்பு கிடைக்கும், லேடெக்கோடு வரும் ஆர்டிக்கிள்.சிஎல்எஸ் கிடைக்காது! விண்டோஸில் முக்காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி, ஏனென்றால் அங்கே டிரைவ் எழுத்துக்குப் பின்னாலேயே முக்காற்புள்ளி வருகிறது. நூற்பட்டியல் விவரம் வைக்கும் பிப் கோப்புகளுக்கு இதே இலக்கணத்தில் பிப்இன்புட்ஸ் என்று தனி வேரியபிள் உண்டு.

ஆனால் உங்கள் தேவைக்கு நான் டெக்இன்புட்ஸைச் சொல்ல மாட்டேன். எல்லா வேலைக்கும் பொதுவான ஸ்டைல் என்றால் வீட்டு ஃபோல்டரில் டெக்ஸ்எம்எஃப் என்று ஒரு ஃபோல்டர், அதனுள் டெக், அதனுள் லேடெக், அதனுள் உங்கள் ஸ்டைல் பெயரில் ஒன்று என்று உருவாக்கி அங்கே வையுங்கள். டெக் லைவ் அந்த இடத்தை எப்போதும் தேடும். எந்த வேரியபிளும் வேண்டாம். எடிட்டரை எங்கிருந்து திறந்தாலும் கிடைக்கும். மேக்கில் அந்த ஃபோல்டர் வீட்டு ஃபோல்டரின் லைப்ரரிக்குள் இருக்க வேண்டும். சரியாக வைத்தீர்களா என்று பார்க்க டெர்மினலில் கேபிஎஸ்இவிச் என்று அடித்து ஸ்டைல் கோப்பின் பெயரைக் கொடுங்கள், எங்கிருந்து எடுக்கிறது என்று முழுப் பாதையைக் காட்டும். ஒரு குறிப்பிட்ட வாடிக்கையாளரின் வேலைக்கு மட்டும் வேறு ஸ்டைல் வேண்டும் என்றால்தான் டெக்இன்புட்ஸ் எனக்குத் தேவைப்படுகிறது. தயவுசெய்து ஒவ்வொரு வேலை ஃபோல்டரிலும் ஸ்டைல் கோப்பை நகலெடுத்துப் போடாதீர்கள். நடப்பு ஃபோல்டரில் இருப்பதே முதலில் எடுக்கப்படும். பொதுக் கோப்பில் நீங்கள் செய்த திருத்தம் அந்த வேலைக்கு மட்டும் போய்ச் சேராது, அது தெரியவும் தெரியாது.

எழுத்துரு விஷயத்தில் உபுண்டுவில் கவலையே வேண்டாம். நோட்டோ செரிஃப் தமிழ் போன்றவற்றை வீட்டு ஃபோல்டரின் .லோக்கல்/ஷேர்/ஃபான்ட்ஸ் என்ற இடத்தில் வைத்தால் ஸீலேடெக், லுவாலேடெக் இரண்டுக்கும் கிடைக்கும். லுவாலேடெக்கில் எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க ஃபான்ட்ஸ்பெக் கொடுக்கும் இடத்தில் ரெண்டரர்=ஹார்ஃப்பஸ் என்று எழுத மறக்காதீர்கள்.

மற்ற எடிட்டர் வைத்திருப்பவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. வி.எஸ். கோட் தானே ஒரு ஷெல்லை ஓட்டி அதன் சீட்டை வாங்கிக்கொள்ளப் பார்க்கும். அதனால் அதில் இந்தத் தொல்லை குறைவு. ஷெல் கிளம்பத் தாமதமானால் 10 வினாடியில் கைவிட்டுவிடும். அதன் லேடெக் ஒர்க்‌ஷாப் நீட்சியில் ஒவ்வொரு கருவிக்கும் தனியாக என்வ் என்று ஒரு பகுதி உண்டு, டெக்இன்புட்ஸை அங்கேயே எழுதலாம். ஈமேக்ஸில் செட்என்வ் கொண்டு பாத்தை மாற்றினால் மட்டும் போதாது, எக்ஸெக்-பாத் பட்டியலிலும் சேர்க்க வேண்டும். முன்னது ஈமேக்ஸ் கிளப்பும் புரோகிராம்களுக்குப் போகும் சீட்டு, பின்னது ஈமேக்ஸ் தானே தேடும் இடம். டெக்வொர்க்ஸ் அமைப்புகளில் ஃபோல்டர்களை மேலும் கீழும் நகர்த்தி வரிசை மாற்றும் வசதியே இருக்கிறது. மேக்கில் எங்கே பாதை கேட்டாலும் /லைப்ரரி/டெக்ஸ்/டெக்ஸ்பின் என்று கொடுங்கள். விண்டோஸில் நிறுவி முடித்ததும் முன்பே திறந்திருக்கும் எடிட்டர் ஜன்னல்கள் அத்தனையையும் மூடிவிட்டுத் திறங்கள்.

அப்புறம், டெக் லைவ் நிறுவும் ஃபோல்டரின் பெயரிலேயே ஆண்டு இருக்கிறது. ஒரு பதிப்பு போய் அடுத்தது வந்தால் .புரொஃபைலில் எழுதிய பாதையும் பழையதாகிவிடும். நான் /ஆப்ட்/டெக்ஸ்பின் என்று ஒரு சிம்லிங்க் (வேறொரு ஃபோல்டரைச் சுட்டும் குறுக்குவழி) வைத்து, பாத்தில் அதை மட்டுமே கொடுத்திருக்கிறேன். புதிய பதிப்பு போட்டதும் முதலில் அந்த லிங்கைத் திருப்புகிறேன். பழைய வினாத்தாள் ஒன்றை எடிட்டரில் ஓட்டி, லாக் கோப்பின் முதல் வரியையும் "கெழு" வரும் கணக்கையும் பார்த்த பிறகுதான் பழைய பதிப்பை அழிக்கிறேன்.