வேப்புக்கு மாறினால் நுரையீரல் தப்புமா?

கேள்வி: எனக்கு 36 வயது. 14 வருடமாக தினமும் பத்து சிகரெட். துபாயிலிருந்து வந்த மச்சான் ஒரு வேப் (இ-சிகரெட்) கொடுத்துவிட்டுப் போனார். மனித உடலின் செல்களை வைத்தே சோதித்துவிட்டார்களாம், சிகரெட் அளவுக்கு இது கொல்வதில்லையாம். பகலில் வேப், இரவில் மட்டும் இரண்டு சிகரெட் என்று மாறலாமா?

பதில்: மச்சான் சொன்னது பொய் இல்லை. ஆனால் நீங்கள் போட்டிருக்கும் திட்டத்துக்கு அது பொருந்தாது.

அந்தச் சோதனை இப்படித்தான் நடக்கும். 96 குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் மூச்சுக்குழாயின் உட்சுவர்ச் செல்களை வளர்ப்பார்கள். சில குழிகளில் சிகரெட் புகையைக் கரைத்த திரவம், சிலவற்றில் வேப் ஆவியைக் கரைத்த திரவம், சிலவற்றில் எதுவும் கலக்காதது. ஒரு நாள் கழித்து நியூட்ரல் ரெட் என்ற சாயத்தை ஊற்றிக் கழுவுவார்கள். உயிருள்ள செல் சாயத்தை உள்ளே பிடித்துக்கொள்ளும், செத்த செல்லால் முடியாது. சிகரெட் குழிகள் வெளுத்துப்போகும். வேப் குழிகள் பெரும்பாலும் சிவப்பாகவே இருக்கும். பல ஆய்வகங்களில் திரும்பத் திரும்பக் கண்ட வித்தியாசம் இது.

காரணம் நெருப்பு. சிகரெட்டை இழுக்கும்போது அதன் நுனி சுமார் 900 டிகிரி வரை போகும். அந்தப் புகையில் 7,000க்கும் மேற்பட்ட ரசாயனங்கள். அவற்றில் சுமார் எழுபது புற்றுநோய் உண்டாக்குபவை. வேப்பில் இலை எரிவதில்லை. அதில் ஊற்றும் லிக்விட்டில் உள்ள புரொப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும், உள்ளே சூடாகும் கம்பிச்சுருளின் சூட்டில் நுண்துளிகளாக மாறுகின்றன, அவ்வளவுதான்.

ஆனால் சூடு ஏற ஏறக் கதை மாறும். வாணலியில் எண்ணெய் அதிகம் காய்ந்தால் கமறல் எடுத்துக் கண் எரியுமே, அதற்குக் காரணமான அக்ரோலின்தான் கிளிசரின் கருகினாலும் வரும். கூடவே ஃபார்மால்டிஹைடும் வரும். ஃப்ளேவர் இன்னொரு சிக்கல். லவங்கப்பட்டை மணம் தரும் சினமால்டிஹைடு சேர்ந்த லிக்விட்கள் செல் சோதனைகளிலேயே மோசமாக நடந்துகொண்டன. அப்புறம், சிவப்பாக நிற்கும் செல் உயிரோடு இருக்கிறது என்றுதான் அர்த்தம், நலமாக இருக்கிறது என்று அல்ல. சாகாத செல்களிலும் அழற்சிக்கான அறிகுறிகள் தெரிந்திருக்கின்றன.

இதெல்லாம் ஒரு நாள் சோதனை. உங்கள் நுரையீரலோ 14 வருடக் கணக்கு வைத்திருக்கிறது. இன்றைய வேப் 2003 வாக்கில் சீனாவில் உருவானது. நாற்பது வருடம் அதை இழுத்தவர் என்று உலகத்தில் யாருமே இல்லை.

சரி, மனிதர்களிடம் என்ன தெரிந்தது? 2017இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், சிகரெட்டை முழுதாக விட்டு நீண்ட நாள் வேப் மட்டும் பிடித்தவர்களின் சிறுநீரில், புகையிலைக்கே உரிய ஒரு புற்றுநோய் நச்சின் தடயம் 97 சதவீதம் குறைவாக இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பிடித்தவர்களிடம் அப்படிப் பெரிய குறைவு இல்லை. நீங்கள் கேட்பது இந்த இரண்டாவது வழியைத்தான். அதனால்தான் வேண்டாம் என்கிறேன். இதயத்துக்கும் பாதி சிகரெட் பாதி ஆபத்து என்ற கணக்கு செல்லாது. தினமும் 20 சிகரெட்டால் கூடும் மாரடைப்பு ஆபத்தில் கிட்டத்தட்டப் பாதி, தினம் ஒன்றே பிடித்தாலும் வந்துவிடுகிறது.

இன்னொன்று, இந்தியாவில் 2019 சட்டப்படி வேப்பை விற்பதும் இறக்குமதி செய்வதும் குற்றம். திருட்டுத்தனமாக வரும் லிக்விட்டில் என்ன கலந்திருக்கிறது என்று எனக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது.

அதனால் நிகோடின் கம் முயற்சி செய்யுங்கள். பத்து சிகரெட் பிடிப்பவருக்கு 2 மி.கி. போதும், மருந்துக்கடையில் கிடைக்கும். நம்மில் பலர் இதைச் சாதாரண சூயிங்கம்போல மென்று தள்ளிவிட்டு, விக்கலும் வயிற்றெரிச்சலும் வந்து தூக்கிப்போட்டுவிடுகிறார்கள். மெதுவாக மெல்லுங்கள். நாக்கில் சுரீரென்றதும் நிறுத்தி, வெற்றிலையை அடக்குவதுபோலக் கன்னத்தோரம் ஒதுக்குங்கள். அது அடங்கியதும் மறுபடி நாலு மெல். அரை மணி நேரம் இப்படி ஓட்டலாம். காபி குடித்த கையோடு போட்டால் மருந்து சரியாக ஏறாது. கால் மணி நேரம் விட்டுப் போடுங்கள். இதய நோய் இருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசகர்கள் பேசுவார்கள். அவர்களிடம் அந்த இரவு இரண்டு சிகரெட்டைப் பற்றித்தான் முதலில் சொல்லுங்கள். விடுவதற்கு உங்களுக்கு மனம் வராதவை அவைதானே.