என்ஏபிஎல் (லேப்களுக்குத் தர அங்கீகாரம் தரும் அமைப்பு) ஆய்வுக்கு முன் விட்டுப்போன பதிவேடுகளை எழுதி நிரப்பலாமா? ஆய்வாளர்கள் உண்மையில் எதைப் பார்ப்பார்கள்? இதனால் தரம் கூடுமா?

நிரப்பாதீர்கள். அடுத்த மாதம் உங்கள் லேபுக்கு ஆய்வு வருகிறது, ஃப்ரிட்ஜ் வெப்பநிலை, கன்ட்ரோல் (அனலைசரைச் சரிபார்க்க ஓட்டும், அளவு தெரிந்த சாம்பிள்) பதிவேடு இரண்டிலும் அங்கங்கே நாட்கள் காலியாக இருக்கின்றன, உட்கார்ந்து எழுதி முடிக்கச் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். காலியான நாள் காலியாகவே இருக்கட்டும். ஏன் விட்டுப்போனது, இனி விடாமலிருக்க என்ன ஏற்பாடு செய்தீர்கள் என்பதை இன்றைய தேதி போட்டு எழுதிக் கையெழுத்திடுங்கள். அதற்கு ஒரு என்சி, அதாவது விதிப்படி இல்லை என்ற குறிப்பு, எழுதுவார்கள். எழுதட்டும், சரிசெய்து பதில் அனுப்பலாம். ஆனால் இட்டுக்கட்டி எழுதியது தெரிந்துவிட்டால் உங்களுடைய வேறு எந்தத் தாளையும் அவர்கள் நம்ப மாட்டார்கள். தெரிந்தும்விடும். வருகிறவர்களும் நம்மைப் போல் லேபில் வேலை பார்த்துத் தேர்ந்த பேதாலஜிஸ்ட், பயோகெமிஸ்ட், மைக்ரோபயாலஜிஸ்ட்தான். மாதம் முழுக்க ஒரே பேனாவில் 4 டிகிரி, லேப் பூட்டியிருந்த ஞாயிற்றுக்கிழமைக்கும் 4 டிகிரி என்று இருந்தால் அவர்களுக்கு ஒரு நிமிடம் போதும். 2 முதல் 8 வரை அனுமதி உள்ள ஃப்ரிட்ஜ், கரண்ட் போன நாளில் 9 காட்டியது, ரீஏஜென்டை (பரிசோதனை ரசாயனத்தை) வேறு ஃப்ரிட்ஜுக்கு மாற்றினோம் என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கம்தான் நம்பிக்கை தரும்.

நான் ஒரு தனியார் லேபில் குவாலிட்டி மேனேஜராக இருக்கிறேன். கோப்புகளை வரிசையாகப் படித்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் லேபில் நடந்ததைச் சொல்கிறேன். பயோகெமிஸ்ட்ரி ஆய்வாளர் கணினியில் பழைய ரிப்போர்ட்களைத் தள்ளிக்கொண்டே போய் ஒன்றில் நின்றார். ஒரு பெரியவருக்குப் பொட்டாசியம் 6.8, ஆபத்தான அளவு. அங்கிருந்து பின்னோக்கிப் போக ஆரம்பித்தார். ரத்தம் எடுத்தது யார், எத்தனை மணிக்கு? லேபுக்கு எப்போது வந்தது? ரத்த அணுக்கள் உடைந்து சீரம் சிவந்திருந்ததா என்று பார்த்தீர்களா, பார்த்ததற்குப் பதிவு எங்கே? அன்று காலை கன்ட்ரோல் இரண்டு லெவலும் வரம்புக்குள்ளே இருந்ததா? டாக்டருக்கு யார் போன் செய்தது, அவர் அந்த 6.8-ஐத் திருப்பிச் சொன்னாரா? எல்லாம் முடிந்தபின் ரத்தம் எடுக்கும் பெண்ணைக் கூப்பிட்டு, எந்தக் குழாயை முதலில் நிரப்புவீர்கள் என்று கேட்டார். “ஊதா மூடி கடைசிப் பக்கம்தான் சார். ரத்தம் உறையாம இருக்க அதுல போட்டிருக்கிற இடிடிஏ சீரம் குழாயில பட்டா பொட்டாசியம் ஏறிடும், கால்சியம் இறங்கிடும்” என்றார் அவர். ஆய்வாளர் தலையாட்டிவிட்டு அடுத்த ரிப்போர்ட்டுக்குப் போனார். அந்தப் பதிலை எந்தக் கோப்பாலும் தந்திருக்க முடியாது.

அடுத்து எல்ஜே சார்ட், அதாவது தினசரி கன்ட்ரோல் மதிப்புகளைப் புள்ளியாக வைக்கும் வரைபடம். லீவி, ஜென்னிங்ஸ் இருவரும் தொழிற்சாலைத் தரக்கட்டுப்பாட்டு வரைபடத்தை 1950-ல் லேபுக்குக் கொண்டுவந்தார்கள். அதை வைத்துப் பல விதிகளைச் சேர்த்துப் பார்க்கும் முறையை வெஸ்ட்கார்ட் குழுவினர் 1981-ல் வெளியிட்டார்கள். நம்மில் நிறையப் பேர் புள்ளிகள் நடுக்கோட்டை ஒட்டி அழகாக நின்றால் நல்லது என்று நினைக்கிறோம். அனுபவமுள்ள ஆய்வாளர் அங்கேதான் சந்தேகப்படுவார். எஸ்டி என்பது மதிப்புகள் சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவு. 2 எஸ்டிக்குள் ஏறத்தாழ 95 சதவீதப் புள்ளிகள்தான் வரவேண்டும். நூறு புள்ளியில் நாலைந்து தானாகவே வெளியே விழும். பல மாதமாக ஒன்றுகூட விழவில்லை என்றால், கன்ட்ரோல் பாட்டிலோடு வரும் தாளில் உள்ள அகலமான வரம்பை அப்படியே போட்டிருக்கிறீர்கள், இல்லாவிட்டால் உள்ளே வரும்வரை திரும்பத் திரும்ப ஓட்டுகிறீர்கள். உங்கள் அனலைசரில் உங்கள் ஆட்கள் ஓட்டிய மதிப்புகளிலிருந்து சராசரியையும் எஸ்டியையும் கணக்கிட்டு வையுங்கள். கன்ட்ரோல் 3 எஸ்டி தாண்டிய நாளில் ரிப்போர்ட்டை நிறுத்தினீர்களா, காரணத்தைக் கண்டுபிடித்தபின் ஏற்கெனவே ஓட்டிய நோயாளி சாம்பிள்களைத் திரும்ப ஓட்டினீர்களா என்பதுதான் அவர்கள் தேடும் பதிவு.

வேலூர் சிஎம்சியிலிருந்து வருவதுபோன்ற வெளித் தரச் சோதனை சாம்பிளுக்கும் (பல லேபுக்கும் ஒரே சாம்பிளை அனுப்பி விடைகளை ஒப்பிடுவார்கள்) இதே நேர்மை வேண்டும். நோயாளி சாம்பிள் போலவே, அன்று டியூட்டியில் இருப்பவர் ஓட்ட வேண்டும். சீனியரை உட்கார வைத்து நாலு தடவை ஓட்டுவதும், பக்கத்து லேபுக்குப் போன் போட்டு “உங்களுக்கு எவ்வளவு வந்துச்சு” என்று கேட்பதும் வழக்கமாகிவிட்ட இடங்கள் உண்டு. அப்படி வாங்கிய நல்ல ஸ்கோரால் நோயாளிக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

சரி, தரம் கூடுமா என்ற கேள்வி. கூடும் என்றுதான் சொல்வேன், கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் கலெக்‌ஷன் சென்டர் ஒன்றில் சாம்பிள் எடுத்த நேரம் எழுதப்படவில்லை என்று என்சி வந்தது. சின்ன விஷயம்போலத் தெரியும். நேரத்தை எழுத ஆரம்பித்த பிறகுதான், காலை எடுத்த ரத்தம் மூன்று மணி நேரம் கழித்து வந்து சேர்கிறது என்பது எல்லோர் கண்ணிலும் பட்டது. பிரிக்காமல் வைத்த ரத்தத்தில் செல்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். வெறும் வயிற்றில் 130 இருந்தவருக்கு 110-க்குப் பக்கத்தில் காட்டும். 126-லிருந்து சர்க்கரை நோய் என்கிறோம், அப்படியானால் இவருக்கு நோயே இல்லை என்று ரிப்போர்ட் போகும். சர்க்கரை குறையாமல் தடுக்கும் ஃப்ளோரைடு குழாயும் முழுமையாக வேலை செய்ய ஒன்றிரண்டு மணி நேரம் எடுக்கும். அங்கே ஒரு சின்ன சென்ட்ரிஃபியூஜ் வைத்தோம், சீரத்தைப் பிரித்தே அனுப்புகிறார்கள்.

என்ஏபிஎல் பின்பற்றும் மருத்துவ லேப் தர விதிகளான ஐஎஸ்ஓ 15189-ன் 2022 பதிப்பும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. தனியாகக் குவாலிட்டி மேனுவல் வேண்டும் என்ற கட்டாயம் போய், நோயாளிக்கு என்ன ஆபத்து நேரலாம் என்று யோசிப்பது முன்னுக்கு வந்திருக்கிறது. இன்னொன்று, அங்கீகாரம் ஒவ்வொரு பரிசோதனைக்கும் தனித்தனியாகத்தான் கிடைக்கிறது. சரியாகச் செய்ய முடியாததைப் பெருமைக்காக ஸ்கோப்பில் (அங்கீகாரம் கேட்கும் பரிசோதனைப் பட்டியலில்) சேர்க்க வேண்டாம் என்று உங்கள் நிர்வாகத்திடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

என்சி வந்தால் ‘ஊழியர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது’ என்ற வரியோடு முடிக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். இரவு டியூட்டியில் ஒரே ஆள் ரத்தமும் எடுத்து, அனலைசரும் ஓட்டி, போனும் பேசினால் கிரிட்டிகல் வேல்யூ (டாக்டருக்கு உடனே சொல்ல வேண்டிய ஆபத்தான முடிவு) பதிவு விட்டுத்தான் போகும். அவருக்கு மூன்றாவது முறை வகுப்பெடுத்து என்ன ஆகப்போகிறது? ஆள் போதவில்லை என்று எழுதுங்கள். நிர்வாகக் கூட்டத்தில் அது பதிவானால் முதலாளி பதில் சொல்லியாக வேண்டும்.

இந்த ஒரு மாதத்தில் கோப்புக்கு அட்டை போடுவதை விட்டுவிட்டு, பழைய ரிப்போர்ட் ஐந்தாறு எடுத்து அந்த ஆய்வாளர் செய்ததுபோல நீங்களே பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். ஒன்று இரவு டியூட்டியில் வந்ததாக, ஒன்று ஞாயிற்றுக்கிழமை வந்ததாக, ஒன்று கலெக்‌ஷன் சென்டரிலிருந்து வந்ததாக இருக்கட்டும். எங்கே நூல் அறுகிறதோ அங்கிருந்து வேலையைத் தொடங்குங்கள்.