விடியலில் வாய் பிளக்கும் கெண்டைகள்

கேள்வி: மூடுபனி கவிந்த நாளுக்கு மறுநாள் விடியலில், எங்கள் தொட்டிக் கெண்டைகள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. ஆக்சிஜன் குறைவது அவற்றுக்கு எப்படித் தெரியும்?
– வாசகி, பூம்பாறை

பதில்: செவுள் மூடியைத் தூக்கினால் சீப்புப் பல் போலச் சிவந்த இழைகள் தெரியும். அவற்றில்தான் செரோடோனின் என்ற தூது வேதிப்பொருள் நிரம்பிய உணர்செல்கள் இருக்கின்றன. நீரில் ஆக்சிஜன் குறைந்தால் அந்தச் செல்களின் பொட்டாசியம் வாசல்கள் மூடும், கால்சியம் உள்ளே பாயும், தூது வேதிப்பொருள்கள் வெளியேறும். நரம்பு மூளைக்குச் சேதி சொல்லும். செவுள் மூடி வேகமாக அடிக்கும். பல மீன்களில் இதயத்துடிப்போ குறையும்! எனக்கு இன்றும் தீராத வியப்பு இது.

பாசி வெயிலில் ஆக்சிஜன் தரும், இரவில் அதையே செலவழிக்கும். மூடுபனி நாளில் வெயில் குறைவு, வரவும் குறைவு. போதாததற்கு, உங்கள் மலை உயரத்தில் காற்றழுத்தமும் குறைவு; அதனால் நீரில் கரையும் ஆக்சிஜனும் குறைவு. சரி, பாசியை அள்ளுங்கள்; அன்று காலை தீவனம் வேண்டாம்; ஊற்றுநீரை உயரத்திலிருந்து சிறுகச் சிறுக விழவிடுங்கள்.