அப்பா இறந்துட்டாரு, அவரோட பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி வீட்ல இருக்கு. நாங்க வச்சுக்கலாமா, ஒப்படைச்சிடணுமா?

இன்னும் வீட்டுக்குள்ளதான் இருக்குன்னா நாளைக்கே கொண்டுபோய் டெபாசிட் பண்ணிடுங்க. லைசென்ஸ் அப்பா பேர்ல இருந்தது, அவரோட அது முடிஞ்சுது, இனிமே உங்க பீரோல இருந்தா கேஸ் உங்க மேலதான். ஆனா டெபாசிட் வேற, ஒரேயடியா எழுதிக் குடுக்கிறது வேற. உங்க வீட்லயும் யாராவது ஒரு மாமா "எதுக்குப்பா இந்த வம்பு, குடுத்துத் தொலை"ன்னு சொல்லிருப்பாரு, அதான் கேக்குறீங்க. அவசரப்பட்டு எழுதிக் குடுத்துறாதீங்க. வாரிசு பேருக்கு லைசென்ஸ் வாங்க 2016 ஆயுத விதிகள்லயே வழி இருக்கு.

எங்களுக்குக் கூடலூர் (தேனி மாவட்டம், நீலகிரி இல்ல). தாத்தா வண்டிப்பெரியார்ல ஒரு எஸ்டேட்ல கணக்குப்பிள்ளையா இருந்தவரு, 1950கள்ல தொரை ஊருக்குக் கிளம்பும்போது அவர்கிட்ட வெலைக்கு வாங்குன துப்பாக்கி, பன்னெண்டு போர் (12 bore, குழலோட அளவு), பர்மிங்காம்னு குழல்ல வெட்டியிருக்கும். தாத்தாவுக்கு அப்புறம் அப்பா பேருக்கு வந்துச்சு. வேடிக்கை என்னன்னா, எங்க ஏலத்தோட்டம் இருக்கிறது கேரளாவுல வண்டன்மேட்டுப் பக்கம், லைசென்ஸ் செல்லுறதோ தமிழ்நாட்டுக்குள்ள மட்டும், அதனால பன்னி எல்லாம் அங்க, துப்பாக்கி இங்க, கம்பம்மெட்டு செக்போஸ்ட்டைத் தாண்டி அது ஒரு நாளும் போனதில்ல. இந்தப் பக்கம் இருக்கிற தென்னந்தோப்புக்கு ஆனை எறங்குனா வானத்தப் பாத்து ஒரு வெடி போடுவாரு, அவ்ளோதான். வேட்டைக்காரக் குடும்பம், அது இதுன்னு கமெண்ட்ல யாரும் ஆரம்பிக்காதீங்க, என் அப்பா ஒரு மொசலக் கூட அடிச்சதில்ல. வெடிச்ச தோட்டாக் கூட்ட எடுத்து நான் விசில் ஊதுவேன், தீபாவளி மறுநாள் வாசல் மாதிரி வாசனை அடிக்கும்.

அவருக்கு சுடுறத விட தொடைக்கிறதுதான் பிடிக்கும். ஞாயித்துக்கிழமை திண்ணையில பாய விரிச்சு, துப்பாக்கிய மடக்கிக் குழலக் கழட்டி, பழைய வேட்டித்துணியக் கம்பியில சுத்தித் தையல் மெஷின் எண்ணெய் தொட்டு இழுப்பாரு. முடிச்சதும் "வாடா, கண்ண வச்சுப் பாரு"ன்னு குழல வெளிச்சத்துக்கு நேரா புடிப்பாரு, உள்ள வட்ட வட்டமா வெள்ளித் தாம்பாளம் அடுக்குன மாதிரி மின்னும். ஒவ்வொரு எலக்‌ஷனுக்கும் ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும்ல, டிவிஎஸ் 50ல அவரு முன்னாடி, நான் பின்னாடி போர்வையில சுத்துன துப்பாக்கிய நடுவுல வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். குடுக்குறதுக்கு முந்தின நாள் ராத்திரி கிரீஸத் தடவி எண்ணெய்த்துணி சுத்திடுவாரு. திரும்ப வாங்கும்போது ஏட்டய்யா முன்னாடியே மடக்கிக் குழல்ல கண்ண வச்சுப் பாத்துட்டுதான் கையெழுத்து. "என்னண்ணே, எங்க மேல நம்பிக்கை இல்லையா"ன்னு சிரிப்பாங்க. "மழைக்காலம்ல சார்"ம்பாரு, வேற எதுவும் சொல்ல மாட்டாரு.

லைசென்ஸ் வச்சிருக்கிறவருக்கு எழுபது வயசு ஆயிட்டாலோ, துப்பாக்கி அவர்கிட்ட இருபத்தஞ்சு வருசம் இருந்தாலோ, உயிரோட இருக்கும்போதே வாரிசுக்கு மாத்தலாம். எங்க அப்பாவுக்கு ரெண்டுமே இருந்துச்சு. கேட்டாரு கூட, "உன் பேருக்கு மாத்திருவமாடா"ன்னு. நான் அப்ப திருப்பூர்ல வேலை, "எதுக்குப்பா இந்த இரும்பு"ன்னு சொல்லிட்டு போனைப் பாத்துக்கிட்டிருந்தேன்.

2017ல போயிட்டாரு. காரியம் முடிஞ்ச மறுநாளே ஸ்டேஷன்ல டெபாசிட் பண்ணேன். லைசென்ஸ் உள்ள டீலர்கிட்டயும் வைக்கலாம், சட்டத்துல எடம் இருக்கு, ஆனா மாச வாடகை எதுக்குன்னு நெனச்சேன். அப்புறம் வாரிசு சான்றிதழ், கலெக்டர் ஆபீஸ்ல மனு, தாசில்தார் விசாரணை, போலீஸ் விசாரணை, துப்பாக்கிப் பயிற்சி சர்டிபிகேட்டுன்னு அலைஞ்சேன். மத்த வாரிசுங்க ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்துப் போடணும், அங்கதான் மாட்டுனேன். அக்கா போடத் தயாரு, மச்சான் விடல, ஓட்டு வீட்டுப் பங்குக்கு ஒரு முடிவு சொல்லுங்க அப்புறம் துப்பாக்கியப் பத்திப் பேசலாம்னுட்டாரு. ஓட்டு வீட்டுக்கும் துப்பாக்கிக்கும் என்னங்க சம்பந்தம்? அப்பா ஆஸ்பத்திரியில கெடந்த பதினாறு நாள்ல ஒரு ராத்திரி வந்து தொணைக்குப் படுக்காத மனுசன். கடைசியில கெணத்தடி அஞ்சு செண்டும் அவருக்கே போச்சு. சரி, அது வேற கதை, அக்கா இதப் படிச்சாலும் படிக்கும்.

2021ல லைசென்ஸ் என் பேர்ல வந்துச்சு. (2019 ஆயுதச் சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் அஞ்சு வருசத்துக்குத் தர்றாங்க, முன்னாடி மூணுதான்.) ஸ்டேஷனுக்குப் போனா புது ஏட்டு, என்னைவிட சின்னவரு, "பாத்துக்கிட்டு கையெழுத்துப் போடுங்க சார்"னு எடுத்து வச்சாரு. மடக்குறதுக்கே ரெண்டு கையும் வேண்டியிருந்துச்சு. கண்ண வச்சேன். வலது குழல் முழுக்கத் துரு, எடது குழல்ல வெளிச்சமே தெரியல, குளவி மண்கூடு கட்டி அடைச்சிருந்துச்சு. கட்டையில ஒரு பக்கம் கரையான். அவங்களக் குறை சொல்லிப் பிரயோசனம் இல்ல, நான் குடுத்தது அப்பாவோட போர்வையில அப்படியே சுத்தி, ஒரு சொட்டு எண்ணெய் போடாம. மதுரையில ஒரு ரிப்பேர்க்காரர்கிட்ட காட்டுனேன், "இத வச்சு மட்டும் சுட்டுறாதீங்க, குழல் கிழிஞ்சுரும்"னாரு.

அதனால நீங்க டீலர்கிட்டயே வைங்க, வாடகை கேப்பாங்க, குடுங்க. கொண்டு போறதுக்கு முன்னாடி தோட்டா உள்ள இருக்கான்னு தெரிஞ்சவங்கள வச்சுப் பாத்துட்டு, குழலுக்குள்ள நல்லா எண்ணெய் இழுத்து, வெளிய கிரீஸ் தடவித் துணி சுத்திக் குடுங்க. ரசீதுல துப்பாக்கி நம்பர் சரியா எழுதியிருக்காங்களான்னு அங்கயே நின்னு பாத்து வாங்குங்க.