துணைவேந்தர் உத்தரவிட்டால் வேலை போய்விடுமா?

கேள்வி: தமிழ்நாட்டில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். விடைத்தாள் திருத்தும் பணியில் முறைகேடு செய்ததாகப் புகார் வந்து எட்டு மாதம் விசாரணை நடந்தது. போன வாரம் பதிவாளர் கையெழுத்துடன் பணிநீக்க உத்தரவு வந்துவிட்டது. ‘துணைவேந்தரின் ஆணைப்படி’ என்றும் ‘சிண்டிகேட்டின் பின்னேற்புக்கு உட்பட்டது’ என்றும் அதில் இருக்கிறது. அதாவது பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் குழுவான சிண்டிகேட் பிறகு ஒப்புதல் தர வேண்டும். இடையில் சிண்டிகேட் கூடவே இல்லை. இந்த உத்தரவு செல்லுமா?

பதில்: உங்களுக்குச் சாதகமான வரியை அவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். துணைவேந்தருக்கே அதிகாரம் இருந்தால் சிண்டிகேட்டின் பின்னேற்பு எதற்கு?

முதலில் உங்கள் பல்கலைக்கழகத்தின் சட்டத்தையும் அதன் கீழ் வந்த விதிகளையும் கையில் எடுங்கள். எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் ஒரே சட்டம் கிடையாது. சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 1923-ம் வருடச் சட்டம், மதுரை காமராசருக்கு 1965, பாரதியாருக்கு 1981 என்று தனித்தனியாக இருக்கின்றன. ஆசிரியரை நியமிக்கவும் நீக்கவும் யாருக்கு அதிகாரம் என்று அதில்தான் தேட வேண்டும். பெரும்பாலும் அது சிண்டிகேட்டாகத்தான் இருக்கும், பதிவாளர் அதன் முடிவைத் தெரிவிக்கிறவர் மட்டும்தான்.

உங்கள் சட்டமும் அப்படியே சொன்னால், 1989-ல் உச்ச நீதிமன்றம் மராத்வாடா பல்கலைக்கழக வழக்கில் சொன்னது உங்களுக்கு அப்படியே பொருந்தும். அங்கே நிர்வாகக் குழு செய்ய வேண்டிய ஒழுங்கு நடவடிக்கையைத் துணைவேந்தர் செய்தார், பிறகு குழு அதை ஏற்றுத் தீர்மானம் போட்டது. அது செல்லாது என்றது நீதிமன்றம். ஒரு காரியத்தை இன்னார் செய்ய வேண்டும் என்று சட்டம் சொன்னால் அவர்தான் செய்ய வேண்டும், வேறொருவர் செய்ததைப் பிறகு ஏற்றுச் சரிக்கட்ட முடியாது என்பதுதான் சாரம்.

ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா இருக்க மாட்டார், 2006-ல் வந்த மகாராஷ்டிர மாநில சுரங்கக் கழக வழக்கை நீட்டுவார். அங்கே அதிகாரம் இல்லாத மேலாண்மை இயக்குநர் போட்ட பணிநீக்க உத்தரவை இயக்குநர் குழு பின்னேற்பு செய்தது, உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. அதனால் ‘பின்னேற்பு என்றாலே செல்லாது’ என்று மொட்டையாக வாதாடாதீர்கள். அது கழகத்தைப் பற்றிய வழக்கு. நம் வாதம், சட்டமே சிண்டிகேட்டின் கையில் கொடுத்த அதிகாரத்தைப் பற்றியது. நீதிபதியிடம் அந்தப் பிரிவையே வாசித்துக் காட்ட வேண்டும்.

இன்னொரு வழியும் அவர்களுக்கு உண்டு. அவசரம் என்றால் துணைவேந்தரே முடிவெடுத்துவிட்டு அடுத்த கூட்டத்தில் தெரிவிக்கலாம் என்று பல சட்டங்களில் ஒரு பிரிவு இருக்கிறது. சரி, எட்டு மாதம் ஆற அமர நடந்த விசாரணையில் கடைசி வாரம் மட்டும் என்ன அவசரம் வந்தது? உத்தரவில் அந்தப் பிரிவையோ அவசரத்துக்கான காரணத்தையோ எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள், எழுதவில்லை என்றால் இந்த வாதம் நொண்டும். துணைவேந்தர் பதவி காலியாகி, அவருக்குப் பதிலாகத் தற்காலிகமாக அமைத்த கன்வீனர் கமிட்டியின் நிர்வாகம் நடக்கிறது என்றால், அந்தக் கமிட்டியை அமைத்த உத்தரவையும் வாங்குங்கள், என்ன அதிகாரம் கொடுத்தார்கள் என்பது அதில்தான் தெரியும்.

விசாரணை அறிக்கையின் நகலை உங்களுக்குக் கொடுத்து விளக்கம் கேட்டார்களா? 1993-ல் வந்த உச்ச நீதிமன்றத்தின் கருணாகர் தீர்ப்புப்படி தண்டனைக்கு முன்பே கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை என்றால் அதனால் உங்களுக்கு என்ன பாதிப்பு என்றும் சேர்த்துக் காட்ட வேண்டும், வெறுமனே ‘தரவில்லை’ என்றால் போதாது.

இன்றைக்கே தகவல் உரிமைச் சட்டத்தில் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு போட்டு, சிண்டிகேட் கூட்டங்களின் நிகழ்ச்சி நிரல், நடவடிக்கைக் குறிப்புகள், உங்கள் கோப்பின் குறிப்புப் பக்கங்கள் ஆகியவற்றைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அதற்காகக் காத்திருந்து ரிட் மனுவைத் தள்ளிப் போடாதீர்கள்; உத்தரவு நகலை வைத்தே உயர் நீதிமன்றத்தில் அரசியல் சட்டத்தின் 226-வது பிரிவின் கீழ் தாக்கல் செய்து இடைக்காலத் தடை கேட்கலாம். விதிகளில் வேந்தருக்கு மேல்முறையீடு இருந்தால் அதை ஏன் போடவில்லை என்று நீதிபதி கேட்பார், அதற்குப் பதிலை மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் காரணத்துக்காக உத்தரவு ரத்தானாலும், நீதிமன்றம் பெரும்பாலும் விஷயத்தைச் சிண்டிகேட்டுக்கே திருப்பி அனுப்பும், அவர்கள் முறைப்படி கூடி மறுபடி முடிவெடுக்கலாம். அதனால் விடைத்தாள் புகாருக்கான உங்கள் பதிலை இப்போதே ஆதாரத்தோடு தயார் செய்யுங்கள். அப்புறம், துணைவேந்தர்தான் சிண்டிகேட்டுக்குத் தலைமை தாங்குவார். உங்கள் விஷயம் வரும்போது அவர் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது என்று கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கி வையுங்கள்.