ஆர்கெஸ்ட்ரா நடத்துவேன் என்கிற மகளும் பயப்படுகிற அம்மாவும்

வணக்கம் அம்மா. மகள் பிளஸ் டூ, வயலினில் டிரினிட்டி எட்டாவது கிரேடு முடித்துவிட்டாள், அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆர்கெஸ்ட்ரா (மேற்கத்திய செவ்வியல் இசை வாசிக்கும் பெரிய வாத்தியக் குழு) நடத்திக்கொண்டு இசை வரலாறு சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்கிறாள், அவள் அப்பா முதலில் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடி, மற்றதெல்லாம் அப்புறம் என்கிறார், நீங்கள் நடுவில் மாட்டிக்கொண்டு என்னைக் கேட்கிறீர்கள். சரி.

முதலில் ஒன்று. அவள் சொல்வது கற்பனை வேலை இல்லை. அங்கே சின்னக் கல்லூரிகளில், இசைத் துறையில் நிரந்தர ஆசிரியர்கள் கைவிரல் விட்டு எண்ணுகிற அளவுக்கே இருக்கிற இடங்களில், ஆர்கெஸ்ட்ராவுக்கு மட்டும் ஒருவரை வைத்துச் சம்பளம் கொடுக்கக் கட்டுப்படியாகாது. அதனால் ஆர்கெஸ்ட்ரா இயக்குநர் வேண்டும் என்று விளம்பரம் போடும்போதே, கூடவே இசை வரலாறோ தியரியோ எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று போட்டுவிடுவார்கள். வாரத்தில் ஓரிரு மாலை ஒத்திகை, பகலில் இடைக்காலத் தேவாலயப் பாட்டான கிரிகோரியன் சாண்ட்டில் தொடங்கி இருபதாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி வரை வகுப்பு, இரவில் கட்டுரை திருத்துவது. ஒத்திகையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளில் நிறையப் பேர் பயாலஜியோ எக்கனாமிக்ஸோ படிப்பவர்கள், தேர்வு வாரத்தில் காணாமல் போவார்கள். இந்த வருஷம் எந்த சிம்பொனி (ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதிய பெரிய படைப்பு) என்பதை, வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலா எத்தனை சேர்ந்திருக்கிறது, ஓபோ என்கிற குழல் வாத்தியத்துக்கு ஆள் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் முடிவு செய்ய முடியும். ஹால் புக் பண்ணுவது, வாசிக்க வேண்டிய இசைத் தாள்களை வாடகைக்கு எடுப்பது, புது மாணவர்களைத் தேடிப் பிடிப்பது எல்லாம் அவர் தலையில்தான்.

உலகப் புகழ் பெற்ற ஆர்கெஸ்ட்ரா இயக்குநர் ஜூபின் மேத்தாவைத் தெரிந்த அளவுக்கு அவர் அப்பாவை நமக்குத் தெரியாது. மெஹ்லி மேத்தா 1935-இல் பம்பாய் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவைத் தொடங்கிய வயலின்காரர். 1964-லிருந்து 1976 வரை லாஸ் ஏஞ்சல்ஸில் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழக ஆர்கெஸ்ட்ராவை நடத்தியவர். அந்த வருஷங்களில் மகன் அதே ஊரில் லாஸ் ஏஞ்சல்ஸ் ஃபில்ஹார்மோனிக்கை நடத்திக்கொண்டிருந்தார். உங்கள் மகள் கேட்பது மெஹ்லியின் வேலையை, ஜூபினின் வேலையை அல்ல, அது ஒரு விதத்தில் நிம்மதி தரும் விஷயம். (ஜூபின் டாக்டர் படிப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்து, அதை விட்டுவிட்டு 1954-இல் வியன்னாவுக்குக் கிளம்பியவர். இதை உங்கள் கணவரிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.)

பெண் பிள்ளைக்கு இது சரிவருமா என்று கேட்டிருந்தீர்கள். மரின் ஆல்சாப் 2007-இல் பால்டிமோர் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவுக்குத் தலைமை ஏற்றார், அமெரிக்காவின் பெரிய ஆர்கெஸ்ட்ரா ஒன்றில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவர். அந்தக் கேள்வியை இதோடு விடுங்கள்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது பாதையின் நீளத்தைப் பற்றி. இளங்கலையில் கண்டக்டிங்கை, அதாவது ஆர்கெஸ்ட்ரா நடத்துவதை, முதன்மைப் பாடமாக எடுப்பது அங்கே அபூர்வம். வயலினில் பட்டம், அப்புறம் கண்டக்டிங்கில் முதுகலை, அப்புறம் டி.எம்.ஏ. என்கிற முனைவர் பட்டம். வரலாறுதான் முதன்மை என்றால் இசையியலில் பிஎச்.டி., அதற்கு ஜெர்மன் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று பெரும்பாலும் கேட்பார்கள். கண்டக்டிங் முதுகலைக்குப் பல இடங்களில் வருஷத்துக்கு ஒருவர் இருவரைத்தான் எடுக்கிறார்கள். முதலில் வீடியோ அனுப்ப வேண்டும், அது தேறினால் நேரில் கூப்பிட்டு நிஜ ஆர்கெஸ்ட்ரா முன்னால் சில நிமிடங்கள் நிறுத்துவார்கள், அவ்வளவுதான் நேரம். இத்தனைக்கும் பிறகு நிரந்தர இடம் கிடைக்காமல், ஒரு பாடத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு இரண்டு மூன்று கல்லூரிகளுக்கு அலைபவர்கள் ஏராளம். நம்ம ஊர் கௌரவ விரிவுரையாளர் நிலைமையேதான்.

இதனால்தான் பணத்தில் நான் கறாராகச் சொல்கிறேன்: இந்தப் படிப்புக்கு வங்கிக் கடன் வாங்காதீர்கள், வீட்டை அடகு வைக்கவே வைக்காதீர்கள். பல தனியார் கல்லூரிகளில் தங்கும் செலவோடு ஆண்டுக்கு 80,000 டாலரைத் தாண்டுகிறது, அதை இந்த வேலையின் சம்பளத்தில் அடைக்க முடியாது. பிலடெல்பியாவின் கர்ட்டிஸ் இசைக் கல்லூரியில் கல்விக் கட்டணமே கிடையாது, யேல் இசைப் பள்ளியில் முதுகலைக்கு அப்படி, ஆனால் இரண்டிலும் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. மற்ற இடங்களில் முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் அசிஸ்டன்ட்ஷிப்போடு (துறையில் வேலை பார்த்துப் பெறும் உதவித்தொகை) கட்டண விலக்கு கிடைத்தால் போகட்டும், கிடைக்காவிட்டால் அடுத்த வருஷம் திரும்ப விண்ணப்பிக்கட்டும். இளங்கலைக்கு, குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவி தரும் கல்லூரிகளை மட்டும் பட்டியலில் வையுங்கள்.

விசாவையும் சொல்லிவிடுகிறேன். இசைப் பட்டத்துக்குப் படிப்பு முடிந்தபின் ஓபிடி, அதாவது மாணவர் விசாவிலேயே வேலை பார்க்கும் அனுமதி, ஒரு வருஷம்தான், கம்ப்யூட்டர் பிள்ளைகளுக்குக் கிடைக்கிற கூடுதல் இரண்டு வருஷம் இல்லை. பல்கலைக்கழகங்களுக்கு ஹெச்-1பி வேலை விசாவில் ஒதுக்கீட்டு உச்சவரம்பு கிடையாது என்பது இதுவரை நல்ல செய்தியாக இருந்தது, ஆனால் 2025 செப்டம்பரில், வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்கும் புது விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் என்று அறிவித்தார்கள், சின்னக் கல்லூரி அதைக் கேட்டாலே பின்வாங்கும். இந்த விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை, அவள் படித்து முடிக்கும்போது என்ன இருக்கிறதோ அதைத்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் கணவர் சொல்கிற 'முதலில் இன்ஜினியரிங்' யோசனை எனக்கு உடன்பாடில்லை. நாலு வருஷம் கை விட்டுப்போன வயலினை வைத்துக்கொண்டு ஆடிஷன் மேடையில் நிற்க முடியாது. ஆனால் அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஓபர்லின், லாரன்ஸ் போன்ற இடங்களில் ஐந்து வருஷத்தில் இரண்டு பட்டம் வாங்கலாம், ஒன்று இசையில், இன்னொன்று கணிதத்திலோ கம்ப்யூட்டர் சயின்ஸிலோ. இதை அவரிடம் பேசிப் பாருங்கள்.

இப்போது மகளுக்கு. பியானோ தெரியுமா என்று எழுதவில்லை. தெரியாவிட்டால் இந்த மாதமே சேர்த்துவிடுங்கள், ஆர்கெஸ்ட்ரா ஸ்கோரை (எல்லா வாத்தியங்களின் பகுதியையும் ஒன்றாக எழுதிய நோட்டு) பியானோவில் வாசித்துக் காட்டத் தெரியாதவர்களை நல்ல இடங்களில் எடுக்க யோசிப்பார்கள். வயோலாவின் இசைக் குறியீடான ஆல்டோ கிளெஃப், ஹார்னும் கிளாரினெட்டும் எழுதியிருப்பது ஒன்று ஒலிப்பது ஒன்றாக இருக்கிற கணக்கு, இதெல்லாம் அத்துப்படியாக வேண்டும். சென்னையில்தானே இருக்கிறீர்கள், 1893-லிருந்து இருக்கிற மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷனின் பாடகர் குழுவில் சேர முடியுமா என்று கேளுங்கள், ஒத்திகையில் ஒருவர் முன்னால் நின்று எப்படி வேலை வாங்குகிறார் என்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம்.

அப்புறம் வரலாறு. ஆர்கெஸ்ட்ரா நடத்துபவர் கையில் பிடிக்கும் பேட்டன் குச்சியை மட்டும் கனவு காணுகிற பிள்ளைகள் இங்கேதான் கழன்றுகொள்வார்கள், அதனால் ஒரு சின்னச் சோதனை. பதினெட்டாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் ஹேடன், எஸ்டர்ஹாசி என்கிற பிரபுக் குடும்பத்தின் அரண்மனையில் சுமார் முப்பது வருஷம் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர், அங்கே அவர் கையில் இருந்தது இருபது சொச்சம் வாத்தியக்காரர்கள். 1791-இல் லண்டனுக்கு வந்தபோது கிட்டத்தட்ட நாற்பது பேர், எதிரே டிக்கெட் வாங்கி வந்த கூட்டம். இந்த மாற்றம் அவர் எழுதிய சிம்பொனிகளில் எங்கே கேட்கிறது, இன்றைக்கு அதை நடத்துபவர் எத்தனை வயலின் வைக்க வேண்டும், ஏன்? ஸ்கோரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். ஆசையாக எழுதினாள் என்றால் அவளுக்கு இந்த வேலையின் இரண்டு பாதியும் பிடிக்கும். 'இது எதுக்கு' என்று முகம் சுளித்தால் வயலின் வாசிப்பவளாகவே போகட்டும், அது வேறு பாதை, அதைத் தனியாகப் பேசுவோம்.

அந்த இரண்டு பக்கத்தையும், அவள் வாசிக்கும் ஒரு பத்து நிமிட வீடியோவையும், உங்கள் வருமான விவரத்தையும் அனுப்புங்கள். இசைக் கல்லூரிகளுக்குக் கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பர் 1, அதனால் ஆகஸ்டுக்குள் பட்டியலை முடித்துவிட வேண்டும்.